மூன்றாவது கயிறு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, ஆற்றோடு போன ஒரு துணிமீனின் கதை சொல்கிறேன். மலாய் நாட்டுக் கோத்தா திங்கி ஆற்றோரம் ஜப்பான்காரர் ரப்பர்த் தோட்டம், சித்திரை மாதக் காலை வெயில். மேனேஜர் பங்களா முற்றத்தில் மூங்கில் கம்பம் நிற்கிறது. ஆண்பிள்ளை உள்ள வீட்டில் இந்தப் பருவத்தில் துணியில் தைத்த கெண்டைமீன்களைப் பறக்கவிடுவது அவர்கள் வழக்கம். ஆற்றை எதிர்த்து ஏறும் மீன்போலப் பிள்ளை வளர வேண்டுமாம். அப்பாவின் கறுப்பு மீனும் அம்மாவின் சிவப்பு மீனும் காற்றை விழுங்கி உப்புகின்றன. மூன்றாவது கயிறு வெறுமையாகத் தொங்குகிறது. பிள்ளை கென்ஜி போன தையில் காய்ச்சலில் இறந்துவிட்டான். ஆனாலும் அவன் அம்மா, துரைசானி ஹரு, பெட்டியைக் கவிழ்த்து அவன் மீனைத் தேடுகிறாள். அவனை இடுப்பில் சுமந்து வளர்த்த ஆயா அங்கம்மா, தன் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்குகிறாள். "ஆயா, சின்ன ஈக்கான் எங்கே?" மலாயும் தமிழும் கலந்து மீனைக் கேட்கிறாள் துரைசானி. "ஆத்துல விட்டுட்டேன்மா. செத்த பிள்ளை சாமான் வீட்ல இருக்கக் கூடாதுன்னு, சட்டையோட சேத்து விட்டேன். எங்க வழக்கம்மா அது. என்னய வேலைய விட்டு நிறுத்துனாலும் சரி." துரைசானி திட்டவில்லை. ரப்பர் மரங்களுக்கு அப்பால் நகரும் செம்மண் தண்ணீரைப் பார்க்கிறாள். "கீழேயா போச்சு?" "ஆமாம்மா." "அப்ப வரும். அது எதிர்த்து ஏறும் ஈக்கான்." மூன்றாவது கயிற்றின் சுருக்கை அகலமாக்கிவிட்டுக் காத்திருக்கிறாள். காற்று நிற்கிறது. பெரிய மீன்கள் இரண்டும் துவண்டு தொங்குகின்றன. மூன்றாவது கயிறு மட்டும், தூண்டிலில் ஏதோ கடித்ததுபோல, ஒருமுறை வெட்டி இழுக்கிறது. அங்கம்மா கண்ணை மூடிக்கொள்கிறாள். உங்கள் வீட்டுக் கயிறு எதுவும் வெறுமையாகாமல் இருக்கட்டும், கண்ணுகளா.