கேப்டனின் படகு

“இன்னிக்கு அந்த ஆளை விடாதீங்க மேடம். ரொம்பத்தான் அளந்து விடுறான்!” என்றார் சவுண்ட் இன்ஜினியர், அறிவிப்பாளரிடம்.

மதிய நேர வானொலி நிகழ்ச்சி. ஊரே பாதிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். அந்த ஆள் தினமும் போன் செய்வார். நிலையத்தில் அவருக்குக் கேப்டன் என்று பெயர்.

“நானும் வீட்டுக்காரியும் நம்ம படகுல மிதந்துக்கிட்டிருக்கோம். காத்து சொகமா வருது. யாட் ராக் பாட்டு ஒண்ணு போடுங்கம்மா.”

நேற்று அவர் பேசும்போது பின்னால் காய்கறி வண்டிக்காரர் கூவினார்.

“நடுக்கடல்ல கத்திரிக்காய் விக்கிறாங்களாம்!” இன்ஜினியருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அறிவிப்பாளருக்கோ எரிச்சல். பந்தா பண்ணுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

இன்றும் மணி அடித்தது. இணைப்பைக் கொடுத்தார் இன்ஜினியர். இங்கே பேசுவது ஒரு நிமிடம் கழித்துத்தான் ஒலிபரப்பாகும். யாராவது வாய்க்கு வந்ததைப் பேசினால் வெட்டிவிட, அவர் கையருகே ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு.

“கேப்டன் சார், யாட் ராக்னு பேரு எப்படி வந்துச்சு தெரியுமா?” அறிவிப்பாளர் தேன் குரலில் ஆரம்பித்தாள். “பாடினவங்க வச்ச பேரு இல்ல. அந்தப் பாட்டெல்லாம் வந்து எத்தனையோ வருஷம் கழிச்சு, கேலியா வச்சது. பணக்காரங்க ‘யாட்’ங்கிற உல்லாசப் படகுல சாஞ்சுக்கிட்டுக் கேக்குற மெத்துமெத்துப் பாட்டாம். கேக்குறதுக்குப் படகு வேணும்னு இல்ல. உங்ககிட்டயும் இல்லதானே?”

மறுமுனையிலிருந்து அவசரமாக ஒரு கிசுகிசுப்பு.

“அம்மா, இது ரேடியோல வந்துடுமா? நான் அடுப்படியில நின்னு பேசுறேன். அவ உள்ள ரேடியோ கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கா. எந்திரிக்க முடியாது, நினைவும் சரியில்ல. படுக்கைப் புண் வராம இருக்கப் போட்ட தண்ணி மெத்தை ஆடுறதைப் படகுன்னு நினைச்சுக்கிட்டா. நானும் ஆமான்னுட்டேன். ரேடியோல சொன்னாத்தான் நம்புறா. நம்பினாத்தான் ஒரு வாய் சாப்பிடுறா...”

அறிவிப்பாளர் பதறிப்போய் இன்ஜினியரைப் பார்த்தாள்.

அவர் விரல் ஏற்கெனவே சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தது. கேட்ட கேள்வி, சொன்ன பதில் எல்லாம் வெளியே போகாமல் அழிந்தன. அந்த இடத்தில் ஒரு கிட்டார் அலை அலையாக எழுந்து தாழ்ந்தது. ‘பேசுங்க’ என்று கையைக் காட்டிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கேப்டன் சார், இன்னிக்குக் கடல் எப்படி இருக்கு?”

“அமைதியா... ரொம்ப அமைதியா இருக்கும்மா.”

“அலை பெருசா வந்தா அக்கா கையைப் பிடிச்சுக்கங்க. பாட்டு வருது.”

கேப்டன் போனை இன்னும் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், எங்கோ உள்ளறையிலிருந்து, தூக்கம் கலந்த ஒரு குரல் கேட்டது.

“என்னங்க... நம்ம படகைப் பத்திதான் சொல்றாங்க. சாப்பாடு எடுத்துட்டு வாங்க. பாத்து வாங்க, தளம் ஆடுது!”