சாத்திய கதவு

உள்ளே யாரோ மகளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பட்டம் வாங்கி என்னத்தக் கிழிச்ச? வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வருது!"

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா அதன் நுனிக்கு நகர்ந்தாள். தொண்டை கிழியக் கத்துகிற குரல். மகளும் மனநல ஆலோசகரும் மட்டும்தான் உள்ளே போனார்கள். அப்புறம் கத்துவது யார் என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

வீட்டில் மகளுக்குப் பெயர் பூனை. நடந்தாலும் சத்தம் வராது, பேசினாலும் சத்தம் வராது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று உறவெல்லாம் வாயைப் பிளந்ததுதான் மிச்சம்; இன்டர்வியூவில் சொந்தப் பெயரைச் சொல்லவே அவளுக்கு நாக்கு எழவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறையில் தாழிட்டுக்கொண்டவள், கதவை உடைத்த பிறகுதான் வெளியே வந்தாள். அதிலிருந்து சாத்திய கதவைக் கண்டாலே அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வரும். இன்றைக்கும் இந்தக் கதவு சாத்தப்பட்டபோது ஓடிப்போய்க் காலை வைத்துத் தடுக்கலாமா என்றுதான் நினைத்தாள்.

உள்ளே போகும்முன், "உன் சால்வையைக் குடும்மா" என்று மகள் கேட்டிருந்தாள்.

"அடிக்கிற வெயில்ல குளிருதா? எல்லாத்துலயும் உனக்குன்னு ஒரு கோளாறு" என்றபடியே, ஆலைத் தூசிக்காக எப்போதும் போர்த்தியிருப்பதை அம்மா கழற்றிக் கொடுத்தாள். ஆயத்த ஆடை ஆலையில் அவள் செக்கர். ஒரு தையல் பிசகினாலும் கண்டுபிடித்துச் சட்டையைக் கழித்துப் போடுகிற வேலை. கண்ணும் வாயும் அதற்கே பழகிவிட்டன.

கதவுக்கு உள்ளேயிருந்து அதே குரல்: "நிமிர்ந்து உக்காருடி! நாலு பேர் பாத்தா என்ன நெனப்பாங்க?"

தொடர்ந்து நாற்காலி தரையில் கரகரவென்று இழுபடும் சத்தம். அடிக்க எழுந்துவிட்டாளா அந்த மகராசி?

அம்மா வரவேற்பு மேஜைக்கு ஓடினாள். அங்கிருந்த பெண் நிதானமாகப் போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உள்ள என் பொண்ணைப் போட்டுக் கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. நீ பாட்டுக்கு உக்காந்திருக்கியே!"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நடுவுல உள்ள போகக்கூடாது. கொஞ்சம் தண்ணி குடிங்க."

"தண்ணி யாருக்கு வேணும்? தைரியம் சொல்லுவாங்கன்னு கூட்டிட்டு வந்தா இப்படியா? திட்டு வாங்கணும்னா வீட்லயே வாங்கிக்க மாட்டாளா?"

அந்தப் பெண் அம்மாவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

உள்ளே இப்போது ஒரு சன்னக் குரல் கேட்டது. பூனையின் குரல்.

"அப்படிச் சொல்லாத. எனக்கு வலிக்குது."

மறுபடியும் நாற்காலி இழுபட்டது. மறுபடியும் அந்தக் கத்தல். "வலிக்குதோ? ஊர்ல இல்லாத அதிசயம்! உன்னால யாருக்குடி என்ன பிரயோஜனம்?"

நாற்காலி இன்னொரு முறை இழுபட்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

அம்மா கதவைப் பார்த்துத் திரும்பினாள். குளியலறைக் கதவுக்குப் பின்னாலும் அன்றைக்கு இப்படித்தான் சத்தமே இல்லாமல் இருந்தது. "பூனை!" என்று அலறிக்கொண்டே போய்க் கதவைத் தோளால் இடித்தாள். தாழ் போட்டிருக்கவில்லை. பட்டென்று திறந்துகொண்டது.

ஆலோசகர் ஜன்னலோரம் ஒரு மூலையில், மடியில் கைகளை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அறையின் நடுவில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மகள். இன்னொன்று காலி, அதன் முதுகில் அம்மாவின் சால்வை போர்த்தியிருந்தது.

"யாருடி? யாருடி உன்னை அப்படித் திட்டினது?"

மகள் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் கண்ணீர், முதுகு மட்டும் நேராக இருந்தது. கத்திக் கத்திக் கம்மிப்போன குரலில் சொன்னாள்:

"கதவைச் சாத்திட்டு வெளிய இரும்மா, உனக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கல."