ரிம்மா வீட்டுக்கு வந்த பென்ஷன்காரி

கேளுங்க கண்ணுகளா, எங்கள் பெர்ம் நகரத்தில் டிராம் ஓட்டும் ரிம்மாவிடம் அவள் மகன் ரொதியோன் கல்யாணப் பேச்சை எடுத்தான்.

"பொண்ணு என்னடா பண்றா?"

"பென்ஷன் வாங்குறாம்மா."

வயசைக் கேட்கவே ரிம்மாவுக்குப் பயம். "உடம்பாவது நல்லா இருக்கா?"

"முட்டி கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு. படி இறங்கினா இடுப்பைப் பிடிச்சுக்குவா. அது என்னன்னா, அவ பார்த்த வேலை..."

"போதும்டா. பேரப்பிள்ளை கேட்டா, எனக்கே ஒரு மாமியாரைக் கொண்டு வர்றியே."

"ஒரு தடவை பாரும்மா. வேண்டாம்னா விட்டுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை ரிம்மா பல்லுக்கு இதமாக ரவைக் கஞ்சி காய்ச்சினாள். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டாள். கதவைத் திறந்தால், ரொதியோனோடு குச்சி மாதிரி நிமிர்ந்து நின்றாள் ஒருத்தி.

"வாம்மா. உங்க அம்மா மெதுவா ஏறி வர்றாங்களா?"

"நான்தான் தைஸியா, ரிம்மா பாவ்லொவ்னா. பதினெட்டு வயசுல பாலே நடனம் ஆட வந்தேன். எங்களுக்கு இருபது வருஷம் ஆடினா பென்ஷன்."

கஞ்சியைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. நின்றபடியே சாப்பிட்டாள். "எடை ஏறும்னு இத்தனை வருஷமா இதைத் தொட விடல. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

மூன்றாவது தட்டோடு ரிம்மா கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டாள். "பேரப்பிள்ளை மட்டும் சீக்கிரம் வேணும்மா."

"அதுக்குத்தானே ஆடினது போதும்னு வந்தேன். பிள்ளையை நான் வீட்டுல இருந்து பார்த்துக்கறேன். நீங்க நிம்மதியா வேலைக்குப் போயிட்டு வாங்க."

பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கியிருந்த ரிம்மா, தலையணை போட்ட நாற்காலியில் தானே மெல்ல உட்கார்ந்துகொண்டாள்.