பளீல் ஹாஜியாரின் கண்ணாடி அறை

"இப்படிக் கடல் பார்த்த பல்கனிய இத்தினை வருசமாத் திறந்து போட்டிருந்தாவே, அந்தக் கமீலாவுக்கு மூளை எண்டு ஒண்டு இருந்திருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் பளீல் ஹாஜியார் தானே சிரித்தார்.

கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்த றமீஸ் சிரிக்கவில்லை. அலுமினியச் சட்டத்தைத் தூணோடு சேர்த்துப் பிடித்தபடி, "அவங்க இதில தையல் வகுப்பு நடத்தினவங்க ஹாஜியார். என்ட தங்கச்சியும் இஞ்சதான் பழகின" என்றான்.

"ஓம், ஓம். உப்புக் காத்தில மெசினெல்லாம் கறள் பிடிச்சி, வகுப்பும் நிண்டு, கடைசியா வீட்டையும் வித்துப்போட்டு சம்மாந்துறைக்குப் போயிற்றாவாம். நாலு கண்ணாடியப் போட்டு மூடத் தெரியல்ல. மடைச்சி!"

கமீலாவை அவர் கண்டதேயில்லை. மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கத் தரகர் மூலம் வாங்கிய வீடு அது. கலியாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். மேல்மாடியில் கண்ணாடி அறை உண்டு என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியாகிவிட்டது. அதனால் பிரதேச சபையின் அனுமதி வருமுன்பே வேலையைத் தொடங்கியிருந்தார்.

முப்பது வருடம் அதே சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவர் பளீல். யாராவது வீடு கட்டவோ திருத்தவோ விண்ணப்பித்தால் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது அவருடைய வேலை. அத்தனை வருடத்தில் அவருடைய சப்பாத்தில் சீமெந்துத் தூசு படிந்ததை ஒருவரும் கண்டதில்லை. பென்சனில் வந்து இரண்டு வருடமாகியும் ஊர் அதைச் சொல்லிச் சிரிக்கிறது, அவருக்குக் கேட்காமல்.

கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஓர் இளம்பெண் படியேறி வந்தாள்.

"வணக்கம் சேர். சபையில இருந்து வந்திரிக்கன். கிருசிகா. உங்கட இடத்துக்கு இப்ப நான்தான்."

பளீல் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "என்ட இடத்துக்கா? சபைக்கு அவ்வளவு பஞ்சமா புள்ள?"

அவள் அளவு நாடாவை எடுத்தாள்.

"அளக்க என்ன இரிக்கு? நான் சொல்றன், நீங்க எழுதுங்க. நம்மட காலத்தில ஒரு பார்வை பார்த்தாலே வீட்டிட சாதகம் தெரியும்."

கிருசிகா ஒவ்வொரு தூணாகச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். கீழே இறங்கி அத்திவாரம் வரை குனிந்து பார்த்தாள். அவளுடைய முழங்கால் தூசில் வெள்ளையாகிவிட்டது.

"என்ன புள்ள, தூணுக்குக் காய்ச்சலா?" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார் பளீல்.

தேநீரோடு வந்த அவருடைய மனைவி றிஸ்லா, "கோவிச்சிக்காதீங்க மகள்" என்று அவள் காதோடு சொன்னாள்.

ஒரு மணித்தியாலம் கழித்து கிருசிகா மேலே வந்தாள். "தூணெல்லாம் நல்ல பலம் சேர். கண்ணாடியும் கூரையும் தாராளமாத் தாங்கும்."

"இதச் சொல்ல ஒரு மணித்தியாலமா? சரி, அனுமதியத் தாங்க."

"அதிலதான் ஒரு சிக்கல். இந்தப் பல்கனிய மூடுறதுக்கு முந்தியும் கேட்டிரிக்காங்க. கமீலா எண்டவங்க, மூண்டு தரம். மூண்டு தரமும் தூண் தாங்காது எண்டு எழுதி மறுத்திரிக்காங்க."

றமீஸின் கையிலிருந்த திருப்புளி நின்றது. பளீல் மட்டும் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"தாங்காதா? இந்தத் தூணா?" அவர் எழுந்து போய்த் தூணில் ஓங்கி அடித்தார். "இதில ஆனையக் கட்டலாம். எவன் எழுதின? நான் பென்சனில வந்த பிறகு சேர்ந்த கழுதை எவனாவது இருக்கும்."

"நேரில பரிசோதிச்சதாத்தான் எழுதியிரிக்கு, சேர்."

"பச்சப் பொய்! அவன் இந்தப் படியில காலே வெச்சிருக்க மாட்டான். கதிரையில இருந்து எழுதின புளுகு. ஒரு பொம்புளைட தொழிலும் போய், வீடும் போயிற்று. இவனையெல்லாம் சும்மா விடப்படாது புள்ள!"

கமீலாவை மடைச்சி என்றது அவருக்கு மறந்தே போயிற்று.

"அந்த அறிக்கை விண்ணப்பக் கோவையில இருக்கக்குள்ள நான் அனுமதி தர ஏலாது சேர். அது பொய்யெண்டு வீட்டுக்காரர் எழுத்தில தந்தா மேல அனுப்பலாம். விசாரணை நடக்கும். எழுதினவங்கட பென்சனும் நிக்கலாம்."

"நிக்கட்டும். கொண்டாங்க பேனைய!"

பளீல் நின்றபடியே எழுதினார். 'மேற்படி அறிக்கை இடத்தைப் பார்க்காமலே எழுதப்பட்ட பொய் அறிக்கை. எழுதியவர் கடுமையாகத் தண்டிக்கப்பட வேண்டும்.' அடியில் வால் நீண்ட தன்னுடைய கையொப்பத்தை இரண்டு கோடிழுத்து வைத்தார். "எப்படி எழுதுற எண்டு பார்த்துப் பழகுங்க" என்று தாளை அவளிடம் நீட்டினார்.

கிருசிகா அதை வாங்கி வாசித்தாள். பிறகு பையிலிருந்து கமீலாவின் பழைய கோவையை எடுத்து விரித்து, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவளுடைய முகத்தில் சிரிப்பில்லை.

"ரெண்டும் ஒரே கையொப்பமா இரிக்கே, சேர்."