சிரிப்புக்கு முந்தைய வரி

கூட்டம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் முதலாளி இரங்கல் கூட்டத்துக்குக் கிளம்பினார்.

வந்துவிட்டது. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். சன்னல் திட்டில் இரண்டு பேர் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"செத்தவர்கிட்டப் போய் என்னங்க போட்டி? மூஞ்சியக் கொஞ்சம் சோகமா வெச்சுக்குங்க" என்று மனைவி காதோரம் சொன்னாள்.

முதலாளி என்பது பட்டப்பெயர். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வாங்கியறியாத மனிதர். வருடக்கணக்காக நாடகத்தில் முதலாளி வேடம் போட்டதில் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு வேலைக்காரனாக நடித்தவன்தான் இறந்துபோன ஏணி.

அவனுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரே ஒரு வசனத்தால்.

முதலாளி கேட்பார்: "ராத்திரி திருடன் வந்தப்ப நீ எங்கடா போன?"

வேலைக்காரன் சொல்வான்: "ஏணி பிடிச்சுக்கிட்டு இருந்தேங்க. அவன் விழுந்து கிழுந்து வெச்சா, பழி நம்ம வீட்டு மேலதானுங்களே வரும்?"

கொட்டகை அதிரும். எந்த ஊருக்குப் போனாலும் அதிரும். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு அவனை முறைப்பார்.

அந்தப் பதிலை யோசித்துச் சொன்னவரே முதலாளிதான். ஒத்திகையில் அவர் சொல்லிக் காட்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அதே வார்த்தைகளை, ஒரு எழுத்து மாற்றாமல், அவன் சொன்னான். டீ கொண்டுவந்த ஆள் கிளாஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

அன்றைக்கு வயிற்றில் பற்றியது. அணையவில்லை.

செங்கல்லைச் சுமந்து மேலே ஏற்றிக் கொடுப்பது சித்தாள். வீடு யார் கட்டியது என்று கேட்டால் கொத்தனாரைத்தான் கை காட்டுவார்கள். அப்படித்தான் இதுவும்.

பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். ஏணியை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள். அதே காட்சியைப் படமெடுத்தார்கள். முதலாளி வேடத்தில் தொப்பையும் மோதிரமுமாக வேறு யாரோ. முதலாளி டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தார். அந்த மோதிரக்காரர் சொதப்பினால் தேவலை என்றிருந்தது. சொதப்பத்தான் செய்தார். அப்படியும் தியேட்டர் சிரித்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

இப்போது மேடையில் ஒருவர் ஏணியைக் கடல் என்றார். அடுத்தவர் மலை என்றார். அந்தக் கடலும் மலையும் என் செருப்பை மாட்டிக்கொண்டுதான் ஊரெல்லாம் திரிந்தன என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

பேசியவர்கள் எல்லோரும் அழுதார்கள். கேட்டவர்களும் அழுதார்கள்.

ஏணியின் மனைவி எழுந்து வந்து முதலாளி பக்கத்தில் குனிந்தாள். "அண்ணே, ஆளாளுக்கு அழ வெச்சுட்டுப் போறாங்க. நீங்களாவது சிரிக்க வைங்கண்ணே. அழுத மூஞ்சியக் கண்டாலே அவருக்கு ஆகாது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

காலையில் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கேள்வி பதில் இரண்டையும் தாமே சொல்லிப் பார்த்திருந்தார். நன்றாகத்தான் வந்தது. தன் வசனத்துக்குத் தன் வாயால் ஒரு சிரிப்பு. ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு தன்னை யார் மறந்தாலும் பரவாயில்லை.

"அடுத்ததாக, ஏணியோடு நடித்தவர்" என்று அழைத்தார்கள்.

இங்கேயும் அவன் பெயர்தான்.

முதலாளி மைக்குக்கு முன்னால் போய் நின்றார். துண்டைத் தோளில் சரிசெய்தார். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தார்.

"ராத்திரி திருடன் வந்தப்ப நீ எங்கடா போன?"

கேட்டதும் அவர் தலை தானாக இடது பக்கம் திரும்பியது. ஏணி நிற்கிற பக்கம். வாய் தானாக மூடிக்கொண்டது. அவன் பதில் சொல்வதற்காக ஒரு மூச்சு காத்திருப்பது உடம்பில் ஊறிப்போன வேலை. அதை நிறுத்தச் சொல்லிக் காலையில் உடம்புக்குச் சொல்ல மறந்திருந்தார்.

இடது பக்கம் யாரும் இல்லை. வெறும் மேடைப் பலகை.

ஐயோ என்று உறைத்தது. பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தார்.

சன்னல் திட்டிலிருந்து ஒருவன் களுக்கென்றான்.

நடுவரிசையில் இன்னொருவர். அப்புறம் சுவரோரம். அப்புறம் மண்டபம் மொத்தமும். எல்லோரும் அந்த வெறும் பலகையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். ஏணியின் மனைவி தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியச் சிரித்தாள்.

படுபாவி. வராமலே சிரிப்பை வாங்கிவிட்டான்.

இந்த நேரத்தில் வாயைத் திறந்தால் சிரிப்பு செத்துவிடும். தொழில் தெரிந்தவன் அதைச் செய்ய மாட்டான். முதலாளி தன் வசனத்தை விழுங்கினார். விழுங்கிவிட்டு, ஆள் இல்லாத இடத்தை, பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தார்.

அந்த முறைப்பைப் பார்த்ததும் மண்டபம் இரண்டு மடங்காகச் சிரித்தது. "அதே முறைப்பு! அப்படியே அதே முறைப்பு!" என்று யாரோ கத்தினார்கள்.

முன்வரிசையில் அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

அது நடிப்பில்லை என்பது, உயிரோடு இருப்பவர்களில், இனி அவளுக்கு மட்டும்தான் தெரியும்.