மேற்கே போன மொட்டுகள்

அன்று விமானத்தில் வேலம்மாளோடு இருந்தவர்கள்: மணிக்கட்டில் கைக்கடிகாரம், மடியில் வாய் திறந்த பை, அதற்குள் முறுக்கு டப்பா, வாழையிலையில் சரமாகக் கட்டிய நாற்பத்திரண்டு மல்லிகை மொட்டுகள்.

"காலை ஆறுக்குப் புறப்பாடு, மாலை ஆறுக்கு மகள் ஊர். அவள் தலையில் போய்த்தான் விரிவோம்" என்றன மொட்டுகள்.

கடிகாரத்துக்குப் பகீரென்றது. அந்த மாலை ஆறு அந்த ஊர்க் கணக்கு. நடுவே இருபத்திரண்டரை மணி நேரப் பயணம். ஆனால் அதை எப்படிச் சொல்வது?

முள் மறுபடி ஆறைத் தொட்டது.

"அண்ணாச்சி, பொழுது சாஞ்சிடுச்சா?"

கடிகாரம் இதுவரை பொய் சொன்னதில்லை. "ஜன்னலைப் பாருங்க தங்கச்சிகளா. சூரியன் நம்ம கூடவேதான் வருது."

"எத்தனை நேரம் சமாளிப்பீரு? நானெல்லாம் ஒரு மாசம் தாங்குவேன்" என்று சிரித்தது டப்பா.

"நீரு சும்மா இரும்!" என்று அதட்டியது கடிகாரம்.

மொட்டுகள் கேட்டுக்கொண்டே வந்தன. கடிகாரமும் ஜன்னலையே காட்டியது. பொறுக்க மாட்டாதவை வழியிலேயே விரிந்து வாடின.

இறங்கியதும் மகள் ஓடிவந்து பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். வேலம்மாள் கடிகாரத்தைப் பத்தரை மணி நேரம் பின்னுக்குத் திருகினாள்.

"இப்பத்தான் ஆறு. விரியுங்க தங்கச்சிகளா!" என்றது கடிகாரம்.

விரிய மிச்சமிருந்தவை ஒன்பது.