பாங்கொக்கில் எடுத்த படம்

"என்ரை பிள்ளையின்ரை சாதகக் குறிப்பை எடு, பாலேஸ்வரி."

தம்பிஐயா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அரியாலையிலிருந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வரை வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த மனுசன், வாசலில் நின்றே தொடங்கிவிட்டார்.

"என்னண்ணை, இருந்து கதையுங்கோவன்."

"இருக்க வரேல்லை. சம்மந்தத்தை முறிக்க வந்தனான். கனடாவுக்குப் போறன் எண்டு வெளிக்கிட்ட உன்ரை மகன் பாங்கொக்கிலை நிண்டு ஆடுற கூத்தைப் பார்."

படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கொழும்பிலிருந்து கிளாலிக் கடலேரி கடந்து வந்த ஒருவர் அன்று காலைதான் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். தம்பிஐயாவின் மகன் பகீரதன் எழுதியது. அவனும் பாலேஸ்வரியின் மகன் குகதாசனும் ஒரே விடுதியில்தான் கனடாப் பயணத்துக்குக் காத்திருந்தார்கள். உறையைக் கிழித்ததும் படம் விழுந்தது. கடிதத்தை வாசித்திருக்கலாம். எங்கே, அதைக் குகதாசனுக்குப் பேசியிருந்த மகள் குணலட்சுமியிடம் எறிந்துவிட்டுச் சைக்கிளை எடுத்துவிட்டார்.

படத்தில் ஒரு மலிவு விடுதியின் அறை வாசல். ஏழெட்டு வெள்ளைக்காரப் பெடிபெட்டையள். நடுவில் சேட்டில்லாமல் குகதாசன், கையில் பியர்ப் போத்தல். ஒருத்தி அவன் கழுத்தைக் கட்டிப்பிடித்திருந்தாள்.

"சந்நிதி முருகனுக்கு நேர்ந்து மச்சம் சாப்பிடுறதையே விட்ட பிள்ளையண்ணை அவன்."

"முருகனை உதுக்குள்ளை இழுக்காதை. என்ரை மகனும் அங்கைதானே இருக்கிறான்? உந்தக் கூட்டத்துக்குள்ளை அவன் நிக்கிறானே? அதுதான் வளர்ப்பு."

பாலேஸ்வரிக்கும் பொறுக்கவில்லை.

"என்னை என்னவும் சொல்லுங்கோ. தேப்பன் இல்லாத பிள்ளையை நான் வளர்த்த வளர்ப்பைப் பற்றி நீங்கள் கதைக்கத் தேவையில்லை."

விறுவிறென்று சாமியறைக்குள் போய்க் குறிப்பைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைச் சட்டைப்பைக்குள் செருகினார். படத்தை நாலாய்க் கிழித்து முற்றத்தில் எறிந்தார்.

அப்போதுதான் குணலட்சுமியின் சைக்கிள் படலைக்குள் வந்தது. இளைக்க இளைக்க இறங்கியவள் கடிதத்தைத் தகப்பனிடம் நீட்டினாள்.

"வாசியுங்கோ அப்பா. மாமிக்கும் கேக்க வாசியுங்கோ."

மகள் அப்படிக் கதைத்து அவர் கேட்டதில்லை. வாசித்தார்.

"'அப்பா, விசா முடிஞ்ச ஆக்களைத் தேடி விடுதிக்குப் பொலிஸ் வந்திட்டுது. நாங்கள் அஞ்சு பேர் அறைக்குள்ளை. ஓட வழியில்லை. குகதாசன் சேட்டைக் கழட்டி எறிஞ்சிட்டு, ஒரு வெறும் போத்தலையும் தூக்கிக்கொண்டு, பக்கத்து அறை வெள்ளைக்காரரோடை சேர்ந்து வாசலை மறிச்சு ஆடினவன். பொலிஸ் அவனோடை மல்லுக்கட்டினதிலை உள்ளை வரேல்லை. அவனை மட்டும் பிடிச்சுக்கொண்டு போட்டுது. எங்கை வைச்சிருக்கிறாங்கள் எண்டு இன்னும் தெரியாது. அந்த நேரம் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் எடுத்த படம் இது. அவன்ரை அம்மாட்டைக் குடுத்துவிடுங்கோ...'"

தம்பிஐயா நிறுத்திவிட்டார். பாலேஸ்வரி முற்றத்தில் குந்தியிருந்து படத்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு வரி கிடக்குது. அதையும் வாசியுங்கோ," என்றாள் குணலட்சுமி.

அவர் கடிதத்தை மடிக்கப் போனார். அவளே கடிதத்தைப் பறித்து வாசித்தாள்.

"'என்னை அவங்கள் காணேல்லை அப்பா. நான் கட்டிலுக்குக் கீழை கிடந்தனான்.'"